81-வது நிமிடத்தில் இறங்கியவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 1999 இறுதி ஆட்டத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டன. எல்லாம் ஒரே ஆளைப் பற்றி. நார்வேக்காரர், இங்கிலாந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டில் 20-ஆம் எண் சட்டை போட்டவர், ஓலே குன்னார் சோல்ஷார். எனக்கும் மனதுக்கு நெருக்கமான ஆட்டக்காரர். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்த வாரம் முழுக்க அவருக்கே தருகிறேன்.

கேள்வி: 'சோல்ஸ்கியர்' என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். நீங்கள் 'சோல்ஷார்' என்கிறீர்கள். எது சரி?

நார்வே மொழியில் எஸ், கே, ஜே மூன்று எழுத்தும் சேர்ந்து வந்தால் 'ஷ' என்று ஒலிக்கும். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது கிட்டத்தட்ட 'ஊலெ குன்னார் ஸூல்ஷார்' என்று கேட்கும். ஆங்கில வர்ணனையில் 'சோல்ஷார்' என்று கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். 'ஸ்கி' மட்டும் வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு பெரிய கிளப் இவரை எங்கே கண்டெடுத்தது? நார்வேயில் சின்ன வயதிலேயே நட்சத்திரமா?

இல்லை. அதுதான் எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது. நார்வேயின் மேற்குக் கரையில், தீவுகள் மேல் அமைந்த கிறிஸ்டியான்சுண்ட் என்ற ஊரில் 1973 பிப்ரவரி 26-ஆம் தேதி பிறந்தார். காட் மீனை உப்பிட்டு உலர்த்தி ஏற்றுமதி செய்து வளர்ந்த ஊர் அது. நம் கருவாட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கிரேக்க-ரோமானிய மல்யுத்தத்தில் நார்வே சாம்பியன். பையனும் சிறு வயதில் கொஞ்ச காலம் மல்யுத்தம் பழகிப் பார்த்தார். அது ஒத்து வரவில்லை, பந்துக்கே வந்துவிட்டார்.

ஊரிலேயே இருந்த கிளௌசனெங்கன் என்ற சிறிய கிளப்பில்தான் 21 வயது வரை ஆடினார். தேசிய அளவில் யாரும் திரும்பிப் பார்க்காத கீழ்மட்ட டிவிஷன். ஒரு சீசனில் அந்த அணி அடித்த 47 கோல்களில் 31 இவர் அடித்தவை. அதற்கப்புறம்தான் பக்கத்து ஊர் மோல்டெ அழைத்தது. அங்கே பயிற்சியாளர் ஓகெ ஹரைடெ. 1995-இல் முதல் ஆட்டத்திலேயே பிரான் அணிக்கு எதிராக இரண்டு கோல். அந்த சீசன் முடியும்போது 26 லீக் ஆட்டங்களில் 20. பெரிய ஆட்டக்காரர்கள் பதினேழு, பதினெட்டில் தலைகாட்டும் விளையாட்டில் இவர் முதல் டிவிஷனைத் தொட்டபோது வயது 22.

1996 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் வலைவீசித் தேடியது ஆலன் ஷியரரை. அவர் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு நியூகாசிலுக்குப் போய்விட்டார். சோல்ஷார் வந்தது 15 லட்சம் பவுண்டுக்கு, சரியாகப் பத்தில் ஒரு பங்கு. உடனே களமிறக்குவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசனே அவரைக் கொஞ்ச காலம் ரிசர்வ் அணியில் வைத்துப் பக்குவப்படுத்தலாம் என்றுதான் இருந்தார்.

ஆகஸ்ட் 25, பிளாக்பர்ன் ரோவர்ஸ் ஆட்டம். யுனைடெட் 1-2 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் டேவிட் மே என்ற டிஃபெண்டரை வெளியே எடுத்துவிட்டு இந்தப் பையனை அனுப்பினார்கள். ஆறு நிமிடம்கூட முழுசாக ஆகவில்லை. அவர் அடித்த பந்தை கோல்கீப்பர் டிம் ஃபிளவர்ஸ் தடுத்தார். தடுத்த பந்து எங்கே விழும் என்று தெரிந்தவர்போல அங்கேயே நின்றிருந்து இரண்டாம் தடவை உள்ளே தள்ளினார். 2-2. அந்த வருடம் லீக்கில் மட்டும் 18 கோல். குழந்தை முகத்தை வைத்துக்கொண்டு கதையை முடித்துவிடுகிறார் என்று பத்திரிகைகள் 'குழந்தை முகக் கொலையாளி' என்று பட்டம் கட்டின.

கேள்வி: எங்கே பார்த்தாலும் 'சூப்பர் சப்' என்றே எழுதுகிறார்கள். ஒரு ஃபார்வர்டை இப்படி மாற்று ஆட்டக்காரர் என்றே நினைவு வைத்துக்கொள்வது அவரைக் குறைத்து மதிப்பிடுவது இல்லையா?

நல்ல கேள்வி. இரண்டு விதமாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. யுனைடெட்டுக்காக 366 ஆட்டங்களில் 126 கோல். மாற்று ஆட்டக்காரராக இறங்கி அடித்தவை அதில் முப்பதுக்கும் குறைவு. மீதி எல்லாம் முதல் பதினொருவரில் ஒருவராக ஆடி அடித்தவை. 2001-02 சீசனில் ரூட் வான் நிஸ்டல்ரோய்க்குத் துணையாக ஆடி எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 25 கோல் அடித்தார். அடுத்த வருடம் வலது ஓரத்தில் பெக்காமின் இடத்திலும் பல ஆட்டங்கள் ஆடினார். ஆக, கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் உதவுகிறவர் என்ற படம் தப்பு.

ஆனால் 'சப்' என்ற சொல்லை இழிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏனென்றால் பெஞ்சில் உட்காருவதை அவர் ஒரு வேலையாகச் செய்தார். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எதிரணி டிஃபெண்டர்களைக் கவனித்துக்கொண்டிருப்பார். யார் பந்தைப் பார்த்துக்கொண்டே ஆளை விட்டுவிடுகிறார், யாருக்கு மூச்சு வாங்குகிறது, எந்தப் பக்கம் திரும்பச் சிரமப்படுகிறார் என்று. பெஞ்சில் அவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார், இறங்கும்போது எதிரிகள் யார், எங்கே நிற்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம் என்று பெர்குசனே எழுதியிருக்கிறார்.

கல்லூரி நாட்களில் நானும் மூன்று வருடம் பெஞ்சில் இருந்தவன். முதல் பாதி முழுக்க ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, பயிற்சியாளர் என் பக்கம் திரும்புகிறாரா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆட்டத்தைப் பார்த்ததில்லை. இறங்கச் சொன்னதும் புது ஊருக்குள் நுழைந்தவன் மாதிரி பத்து நிமிடம் தடுமாறுவேன். சோல்ஷாரைப் பற்றிப் படித்த பிறகுதான் நான் எதைத் தவறவிட்டேன் என்று புரிந்தது.

1999 பிப்ரவரி 6, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவர் இறங்கும்போதே 4-1. கோல் இனி தேவையில்லை, பந்தை விடாமல் வைத்திருந்தால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நான்கு கோல் அடித்தார். 8-1. அந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே அவர் அங்கே இருக்கிறார். ஓடி வந்து சேருகிற ஆளாக ஒரு தடவைகூடத் தெரிய மாட்டார்.

கேள்வி: எனக்கு வயது 19. சோல்ஷாரை மேலாளராக மட்டுமே தெரியும். அப்பா அந்த 1999 இறுதி ஆட்டத்தை இன்னும் கண் கலங்கச் சொல்கிறார். அப்படி என்ன நடந்தது?

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

1999 மே 26, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம். எதிரணி பேயர்ன் மியூனிக். இங்கே நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம் தொடங்கியது. வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்ததால் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

யுனைடெட்டுக்கு ராய் கீனும் பால் ஸ்கோல்ஸும் தடையால் ஆட முடியாத நாள். ஆறாவது நிமிடத்திலேயே மாரியோ பாஸ்லர் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எண்பது நிமிடத்துக்கு மேல் யுனைடெட்டுக்கு எதுவுமே கைகூடவில்லை. பேயர்னோ ஒருமுறை கம்பத்திலும் ஒருமுறை மேல் கட்டையிலும் பந்தை அடித்தது. அவற்றில் ஒன்று உள்ளே போயிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

67-வது நிமிடத்தில் டெடி ஷெரிங்கம் வந்தார். 81-வது நிமிடத்தில் ஆண்டி கோல் என்ற ஃபார்வர்டுக்குப் பதிலாக சோல்ஷார். வந்ததும் ஒரு தலையடி, கோல்கீப்பர் ஆலிவர் கான் பிடித்துவிட்டார். தொண்ணூறு நிமிடம் முடிந்தது. இஞ்சுரி டைம் மூன்று நிமிடம். கார்னர் கிடைத்தது. யுனைடெட் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேலே தன் கோலை விட்டுவிட்டு எதிரணி பாக்ஸுக்குள் ஓடி வந்துவிட்டார். பந்து அங்கே இங்கே தட்டுப்பட்டு ரயன் கிக்ஸ் காலுக்கு வந்து, அவர் அடித்தது சரியாகப் படாமல், ஷெரிங்கம் திருப்பிவிட 1-1.

எல்லாரும் எக்ஸ்ட்ரா டைமுக்குத் தயாரானார்கள். சோல்ஷார் தயாராகவில்லை. இடது ஓரத்தில் பந்தோடு போய், அதை பேயர்ன் டிஃபெண்டர் சாமுவேல் குஃபூர் மேல் பட்டு வெளியே போகவைத்து இன்னொரு கார்னர் வாங்கினார். பலரும் மறந்துவிடுகிற விஷயம் இது. அந்தக் கோலுக்கான கார்னரை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பெக்காம் அடித்தார். முன்கம்பத்தருகே ஷெரிங்கம் எழும்பித் தலையால் தட்டினார். பந்து கோலுக்குக் குறுக்கே இறங்கியது. அந்த ஒரு நொடியைத்தான் நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சோல்ஷார் ஓடவில்லை, குதிக்கவில்லை. வலது காலை மட்டும் முன்னே நீட்டினார். ஷூவின் முனையில் பட்ட பந்து நேரே வலையின் கூரைக்கு ஏறியது. கான் நின்ற இடத்திலேயே நின்றார். 2-1. என் வீட்டில் அது சத்தமே இல்லாத கோல். சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டியிருந்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

குஃபூர் புல்லைக் கையால் அடித்து அடித்து அழுதார். விழுந்து கிடந்த பேயர்ன் ஆட்டக்காரர்களை நடுவர் கொலினா கைபிடித்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. ஐரோப்பியக் கால்பந்து சங்கத் தலைவர் லென்னார்ட் யோஹான்சன், பேயர்ன் ஜெயித்துவிட்டது என்று நினைத்துக் கோப்பையைக் கொடுக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாராம். களத்துக்கு வந்து பார்த்தால் ஜெயித்தவர்கள் அழுகிறார்கள், தோற்றவர்கள் ஆடுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. இங்கிலாந்து லீக், இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் எந்த இங்கிலாந்து கிளப்பும் அதற்கு முன் வென்றதில்லை. அந்த எஃப்.ஏ. கோப்பைப் பயணத்திலும் ஜனவரியில் லிவர்பூலைக் கடைசி நேரத்தில் வீழ்த்திய கோல் இவருடையதுதான்.

கேள்வி: நல்ல மனிதர், நல்ல மனிதர் என்கிறீர்கள். நியூகாசில் ஆட்டத்தில் வேண்டுமென்றே காலை வாரிவிட்டு சிவப்பு அட்டை வாங்கியவர்தானே?

ஆமாம், வாங்கினார். 1998 ஏப்ரல் 18. ஆட்டம் 1-1, நேரம் முடியப்போகிறது. நியூகாசிலின் ராப் லீ தனியாக கோலை நோக்கி ஓடுகிறார், முன்னால் யாரும் இல்லை. ஒரு ஃபார்வர்டு அவ்வளவு தூரம் துரத்தி வந்து பின்னாலிருந்து சாய்த்தார். சிவப்பு அட்டை வரும் என்று தெரிந்தே செய்தார். வெளியே நடந்தபோது யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் கூட்டம் எழுந்து கை தட்டியது. உடைமாற்றும் அறையில் பெர்குசன் கடுமையாகத் திட்டினார், நம் கிளப் இப்படி ஜெயிப்பதில்லை என்று. இதைப் பிற்பாடு சொன்னவர் சோல்ஷாரே.

நான் பெர்குசன் பக்கம். அந்தத் தப்பை நியாயப்படுத்த மாட்டேன். அந்த வருடம் லீக் பட்டமும் ஆர்சனலுக்குத்தான் போனது.

அதே கோடையில் டாட்டன்ஹாம் அவரை வாங்க முன்வந்தது. யுனைடெட்டும் விற்கச் சம்மதித்துவிட்டது. புதிதாக டுவைட் யார்க் வேறு வந்துகொண்டிருந்தார். போயிருந்தால் தினமும் ஆடியிருக்கலாம். போக மாட்டேன் என்று இருந்துவிட்டார். கேம்ப் நூவுக்கு அப்போது இன்னும் ஒரு வருடம்கூட இல்லை.

கேள்வி: அந்த இறுதி ஆட்டத்தில் கோல் அடித்துவிட்டு முழங்காலால் சறுக்கியதால்தான் அவர் கால் போனது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சறுக்கியதில் முழங்காலின் உள்பக்கத் தசைநார் அடிபட்டது. ஆனால் அதற்குப் பிறகு நான்கு வருடம் நன்றாகவே ஆடினார். அவரை வீழ்த்திய காயம் 2003 செப்டம்பரில் கிரேக்க அணியான பனதினாய்கோஸுடன் ஆடிய ஆட்டத்தில் வந்தது. யுனைடெட் 5-0 என்று ஜெயித்த ஆட்டம், அதில் அவரும் ஒரு கோல் அடித்திருந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த சீசனிலேயே திரும்பி வந்து எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கொஞ்ச நேரம் ஆடினார். மறுபடியும் சிகிச்சை. 2004-05 சீசனில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

முப்பது தாண்டிய ஃபார்வர்டு, ஒரு முழு வருடம் களத்துக்கு வெளியே. எனக்கு முழங்கால் விட்டுப்போனபோது இரண்டு மாதம் மைதானம் இருந்த தெருப் பக்கமே போகவில்லை. அதனால் இந்த இடத்தில் அவரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். 2005 டிசம்பரில் ரிசர்வ் அணிக்காக வந்தார். ரிசர்வ் ஆட்டம் என்றாலும் கூட்டம் அவருக்காகவே வந்தது. 2006 ஆகஸ்ட் 23, சார்ல்டன் மைதானம். மூன்று வருடத்துக்கு மேல் கழித்து லீக்கில் ஒரு கோல். அவரைச் சுற்றி ஓடி வந்த சக ஆட்டக்காரர்களின் முகங்களைப் பாருங்கள், ஒவ்வொருவரும் தானே அடித்த மாதிரி இருப்பார்கள்.

அந்த சீசனில் 11 கோல் அடித்து ஆறாவது லீக் பட்டத்தையும் வாங்கினார். கடைசிக் கோல் 2007 மார்ச் 31, ஓல்டு டிராஃபோர்டில், பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு எதிராக. முதல் கோலும் அதே மைதானத்தில் அதே அணிக்கு எதிராகத்தான். ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். மறு வருடம் அவருக்காக நடந்த வழியனுப்பு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 69,000 பேர் வந்தார்கள்.

கேள்வி: நார்வே தேசிய அணிக்கு என்ன செய்தார்?

67 ஆட்டம், 23 கோல். 1998 உலகக் கோப்பையிலும் 2000 யூரோ கோப்பையிலும் இருந்தார். அந்தக் காலத்து நார்வே, பயிற்சியாளர் எகில் ஊல்சனின் பாணியில், நீளப் பந்தைத் தூக்கிப் போட்டு உயரமான ஒரு ஃபார்வர்டை நம்பி ஆடும் அணி. அதற்குப் பொருத்தமானவர் ஆறடிக்கு மேல் உயரமுள்ள தூரெ ஆந்த்ரே ஃபுலூ. 1998-இல் பிரேசிலை 2-1 என்று வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் கோல் அடித்தவர்கள் ஃபுலூவும், பெனால்டியில் ஷெட்டில் ரெக்டாலும். நாட்டுச் சட்டையில் சோல்ஷாருக்கு அப்படி ஒரு இரவு அமையவில்லை. ஆனாலும் 2008-இல் நார்வே மன்னரின் புனித ஓலாவ் விருது அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: மேலாளராகத் தோற்றுப்போனவர் என்று சொல்லலாமா?

மோல்டெயில் கேட்டுப் பாருங்கள். 1911-இல் தொடங்கிய கிளப், நூறு வருடமாக லீக் பட்டம் வாங்காமல் இருந்தது. 2011-இல் இவர் வந்த முதல் வருடமே வாங்கிக் கொடுத்தார், மறு வருடமும். பிறகு போன கார்டிஃப் கிளப்பில் சரியாகப் போகவில்லை. யுனைடெட்டில் 2018 டிசம்பர் முதல் 2021 நவம்பர் வரை இருந்தார். பாரிசில் பி.எஸ்.ஜி.யை 3-1 என்று வீழ்த்திய இரவு உண்டு, கோப்பை ஒன்றும் இல்லை. என் நினைவில் அவர் முதலில் ஃபார்வர்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கேள்வி: நார்வேயின் இன்னொரு ஃபார்வர்டு எர்லிங் ஹாலண்ட் பெரியவரா, சோல்ஷார் பெரியவரா?

கோல் கணக்கில் ஹாலண்ட், சந்தேகமே இல்லை. 1998-க்குப் பிறகு முதல் தடவையாக நார்வே உலகக் கோப்பைக்கு, 2026-க்கு, தகுதி பெற்றதும் அவர் அடித்த கோல்களால்தான். ஆனால் பதினாறு வயதில் அவர் வந்து சேர்ந்தது சோல்ஷார் பயிற்சியளித்த மோல்டெக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2018 ஜூலையில் பிரான் அணிக்கு எதிராக 21 நிமிடத்துக்குள் நான்கு கோல் அடித்தாரே, அன்று அவர் ஆடியது இவருடைய அணியில்தான்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், பள்ளி அணியில் ஃபார்வர்டு. இந்த வருடம் ஒரு ஆட்டத்தில்கூட முதலில் இறக்கவில்லை. 'பெஞ்சில் உட்காரத்தான் காலையில் ஐந்து மணிக்கு எழுகிறேனா' என்று அழுகிறான். விட்டுவிடலாம் என்கிறான். என்ன சொல்வது?

சகோதரி, முதலில் அவன் அழட்டும். அழுகிற பையனுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நாளைக்கே நீ பெரிய ஆளாவாய் என்றெல்லாம் ஆறுதல் சொல்ல வேண்டாம், அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயிற்சியாளரிடம் போய்ச் சண்டையும் வேண்டாம். எதில் முன்னேற வேண்டும் என்று அவனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள், அந்த வயதில் அது அவனால் முடியும்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். மூன்றே மூன்று விஷயம் எழுதட்டும். எதிரணி இடது பேக் எந்தக் காலால் பந்தை நிறுத்துகிறான். கார்னர் வரும்போது அவர்களில் யார் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோல்கீப்பர் தட்டிவிடும் பந்து எந்தப் பக்கம் விழுகிறது. இறக்கினால் அதை வைத்து ஆடட்டும். இறக்காவிட்டால் அந்தத் தாளைக் கிழித்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவனுக்கே பதில் எழுதுகிறேன்.